இறகில்லா அம்பு இடப்பக்கமே போகிறது: 600 ஸ்பைன் தவறான தேர்வா?

கோணல்அம்பு: வணக்கம். என் ரிகர்வ் (முனைகள் வெளிப்புறம் வளைந்த) வில்லின் லிம்ப்களில், அதாவது வளையும் கைகளில், இழுவிசை 32 பவுண்டு என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்துக் கடைக்காரர் கொடுத்த 600 ஸ்பைன் (தண்டு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்) கார்பன் அம்புகளைத்தான் இரண்டு மாதமாக எய்து வருகிறேன். 18 மீட்டரில் இறகு ஒட்டிய அம்புகள் ஓரளவு ஒரே இடத்தில் விழுகின்றன. தண்டு வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எய்யும் இறகில்லா அம்பு மட்டும் அவற்றுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி இருப்பதால் விரைந்து சொல்லுங்கள்: ஸ்பைனை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

நாண்மகள்: இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல இயலாது. லிம்பில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 பவுண்டு கூடும். உங்கள் இழுப்பு எத்தனை அங்குலம், தண்டின் நீளம் என்ன, பாயிண்ட் (அம்பின் முனை) எத்தனை கிரெயின் எடை, வில்லை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்?

பழையவில்: தம்பி, இது இங்கே நூறு முறை பேசித் தீர்ந்த விஷயம்; தேடிப் படிக்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இறகில்லா அம்பு இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பாக இருக்கிறது என்று பொருள். பாயிண்டின் கனத்தைக் கூட்டினால் தண்டு கூடுதலாக வளையும், அம்பும் நடுவுக்கு வந்துவிடும்.

பொத்தான்பித்தன்: அம்பையும் பாயிண்டையும் ஏன் தொடுகிறீர்கள்? பிளஞ்சரின், அதாவது அம்பு பக்கவாட்டில் சாயும் பொத்தானின், ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலே போதும். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது கோளாறுகள் அந்தச் சிறு பொத்தானில்தான் இருக்கின்றன.

நாண்மகள்: பிளஞ்சர் கடைசி நுணுக்கத்துக்கு மட்டுமே உதவும். ஒரு சாண் விலகலை அதன் தலையில் கட்டினால், பிறகு திருத்துவதற்கு அதில் இடமே மிஞ்சாது.

பழையவில்: ஸ்பைன் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பதில் எழுதுவதுதான் வேடிக்கை. 26 அங்குல இடைவெளியில் தண்டைக் கிடத்தி, நடுவே 2 பவுண்டு தொங்கவிட்டு, அது எவ்வளவு தொய்கிறது என்று அளப்பதே ஸ்பைன்.

தராசுத்தட்டு: ஐயா, நீங்கள் சொல்வது மரத்தண்டுகளுக்கு வழங்கிவரும் பழைய அளவை. கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம், தொங்கவிடுகிறார்கள். அப்போது 0.600 அங்குலம் தொய்ந்தால் அது 600. எண் சிறுத்தால் விறைப்பு கூடும்.

பழையவில்: அளவை எதுவாயினும் வளைவு வளைவுதான். நான் மரத்தண்டை எய்த காலத்தில் உங்கள் 880 கிராம் எங்கே இருந்தது?

தராசுத்தட்டு: இரண்டு அளவைகளையும் குழப்பிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தால் தவறான தண்டுதான் கைக்கு வரும் என்பதற்காகவே சொன்னேன்.

கோணல்அம்பு: மன்னிக்கவும், பயிற்சியில் இருந்தேன். இழுப்பு 30 அங்குலம், தண்டு 30.5 அங்குலம். லக்கேஜ் தராசை நாணில் மாட்டி முழு இழுப்பு வரை இழுத்துப் பார்த்ததில் 16.5 கிலோ காட்டியது. பாயிண்ட் 100 கிரெயினாக இருந்தது. பழையவில் ஐயா சொன்னபடி 120 ஆக்கினேன். இப்போது அம்பு இன்னும் இடப்பக்கம் போகிறது. நான் இடக்கைக்காரன், வில்லை வலக்கையில் பிடிக்கிறேன். அது முக்கியமா என்று தெரியவில்லை.

நாண்மகள்: அதுதான் முக்கியம். விரல்களிலிருந்து நழுவும் நாண் பக்கவாட்டில் விலகுவதால் தண்டு முதலில் பிளஞ்சரின் மீது அழுந்தி வளைந்து, பிறகு எதிர்ப்புறம் வளைந்து ரைசரை (வில்லின் கைப்பிடிப் பகுதியை) தாண்டுகிறது. வலக்கைக்காரருக்கு இடப்பக்க விலகல் விறைப்பைக் காட்டும். உங்களுக்கு எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும், ஆகவே உங்கள் தண்டு தளர்வானது. 16.5 கிலோ என்பது 36 பவுண்டுக்கும் மேல். 32-க்கு எடுத்த தண்டு அதற்கு எப்படித் தாங்கும்? பாயிண்டை 100-க்கே திருப்புங்கள். மேல், கீழ் லிம்ப் போல்ட் இரண்டையும், தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள், ஒரே அளவு தளர்த்துங்கள்; இழுவிசை குறையும். தண்டை வெட்டினால் விறைப்பு கூடும்தான், ஆனால் வெட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: 30 அங்குல இழுப்புக்கு 30.5 அங்குலத் தண்டில் வெட்ட இடமில்லை, ரெஸ்ட்டுக்கு (அம்பைத் தாங்கும் சிறு தாங்கிக்கு) உள்ளே நழுவும் அம்பு வில் பிடித்த கையைத் துளைத்துவிடும்.

பழையவில்: இடக்கை என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு நான் சொன்னது சரியே.

தராசுத்தட்டு: எந்தக் கை என்று முதல் பதிலிலேயே கேட்டிருந்தார்கள், ஐயா.

பொத்தான்பித்தன்: இடக்கை என்றால் பிளஞ்சரை இறுக்க வேண்டும். போட்டிக்கு முன் அதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

கோணல்அம்பு: பாயிண்டைத் திருப்பிவிட்டேன், போல்ட்களையும் தளர்த்தினேன். இப்போது நான்கு விரற்கடைதான் விலகுகிறது. பிளஞ்சரைத் தொடவில்லை. 500 ஸ்பைனில் ஆறு தண்டுகள் சொல்லியிருக்கிறேன். போட்டிக்குப் பிறகுதான் வரும்.