பையன் இனி டபுள்ஸ் மட்டும்தான் ஆடுவானாம். இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

கணபதி_லேத்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கேன், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைசல். பையனுக்கு 21 முடிஞ்சுது. பத்து வயசுல இருந்து டென்னிஸ்தான், பி.காம். தபால்ல போயிட்டு இருக்கு. மூணு வருசமா 15 ஆயிரம் டாலர் போட்டிகளுக்கு அலையுறான். பாதி வாரம் குவாலிஃபையிங்லயே, அதாவது தகுதிச் சுற்றுலயே முடிஞ்சிருது. கையில இருக்கறது ஒத்தை ரேங்கிங் பாயிண்ட்.

போன வாரம் ராத்திரி சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே, "அப்பா, இனி சிங்கிள்ஸ் வேண்டாம், டபுள்ஸ் மட்டும் ஆடறேன்"னான். போன்ல நம்ம நாட்டு டென்னிஸ்காரரு போபண்ணா ஆஸ்திரேலிய ஓபன் கப்பைத் தூக்கிட்டு நிக்கற படத்தைக் காட்டறான். அவரு 43 வயசுல டபுள்ஸ்ல நம்பர் ஒன் ஆனாரு, எனக்கு இன்னும் 22 வருசம் இருக்குங்கறான். எனக்கு வயித்தைக் கலக்குது. இது ஒரு தொழில்தானுங்களா? வெவரம் தெரிஞ்சவங்க மறைக்காம சொல்லுங்க.

பேஸ்லைன்_பாண்டி:

அண்ணே, நேரா கணக்குக்கு வருவோம். 2024 ஆஸ்திரேலிய ஓபன்ல ஆண்கள் ஒற்றையர் ஜெயிச்சவருக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். போபண்ணாவும் அவர் ஜோடி எப்டனும் ஜெயிச்ச இரட்டையருக்கு 7.3 லட்சம், அதுவும் ஜோடிக்கு. பாதியாப் பிரிச்சா ஆளுக்கு 3.65 லட்சம். உச்சியிலயே இந்த நெலமைன்னா அடிவாரத்தை நீங்களே யோசிச்சுக்குங்க. சிங்கிள்ஸ்ல முடியாதவங்க ஒதுங்குற சத்திரம்தான் டபுள்ஸ். பையனைப் பட்டறையில உட்கார வைங்க.

ஆட்_கோர்ட்:

பாண்டி, கணக்கு சரி, சத்திரம் தப்பு.

ஐயா, நான் சென்னை. ஏழு வருஷம் பியூச்சர்ஸ் மட்டத்தில், அதாவது தொழில்முறையின் அடிப்படியில் ஆடினேன், அதில் கடைசி நாலு வருஷம் இரட்டையர் மட்டும். பெரிசாக ஒன்றும் கிழிக்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்குக் கோச்சிங். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படம். தம்பி 2024 ஜனவரியைக் காட்டுகிறான். அதற்கு முன்னால் இருக்கிற இருபது வருஷத்தையும் காட்டச் சொல்லுங்கள். போபண்ணா 2003இல் தொழில்முறைக்கு வந்தவர். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சமே 213தான், அது 2007இல். முதல் ஏடிபி (ஆண்கள் டென்னிஸின் மேல்மட்டச் சுற்று) இரட்டையர் பட்டம் 2008, லாஸ் ஏஞ்சலிஸ், கூட ஆடியவர் எரிக் புடோராக். அப்போது அவருக்கு 28 வயது. 2010இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியோடு யுஎஸ் ஓபன் இறுதி வரை போய், பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும் டைபிரேக்கில் (6-6 ஆனால் செட்டை முடிவு செய்கிற கடைசி கேம்) விட்டார். 2017இல் கனடாவின் டாப்ரோவ்ஸ்கியோடு பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் கிடைத்தது, அதுவும் இன்னொரு பாயிண்ட் போனால் தோல்வி என்ற நிலையை இரண்டு தடவை தாண்டி. ஆண்கள் இரட்டையரில் மட்டும் கை நழுவிக்கொண்டே இருந்தது. 2021இல் மாதக்கணக்கில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்ததை அவரே சொல்லியிருக்கிறார். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து போய், ஐயங்கார் யோகாவால்தான் வலியில்லாமல் ஆட முடிந்தது என்பார். 2024 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் போலெல்லி–வவாசோரியை 7-6, 7-5 என்று ஜெயித்தது ஆண்கள் இரட்டையரில் அவர் ஆடிய 61வது கிராண்ட் ஸ்லாம் போட்டி. அறுபது தடவை வெறுங்கையோடு பெட்டி கட்டியிருக்கிறார். எனக்கு ஆறாவது தடவையே கண்ணைக் கட்டியது.

அடுத்தது, வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத விஷயம்: நுழைவு. ஜோடியின் இரண்டு ரேங்கிங்கையும் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஜோடி உள்ளே போகும். இதில் ஒற்றையர் ரேங்கிங்கைக் காட்டியும் வரலாம். நீங்கள் இரட்டையரில் 95, பார்ட்னர் 95, கூட்டினால் 190. ஒற்றையரில் 60ம் 70ம் இருக்கிற இரண்டு பேர், போன மாதம் வரை சேர்ந்தே ஆடாதவர்கள், 130ஓடு வந்து உங்களைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் சுற்றில் தோற்றால் சிரித்துக்கொண்டே ஒற்றையருக்குப் போவார்கள். நமக்கு அந்த வாரமே போச்சு. ஒரு மணி நேர ஆட்டத்துக்காக ஒரு வார அறை வாடகை, சாப்பாடு, ஸ்டிரிங் செலவு.

பியூச்சர்ஸுக்கு அடுத்த படியான சேலஞ்சர், அதற்கு மேலே ஏடிபி போட்டிகளில் மூன்றாவது செட்டே கிடையாது, பத்துப் புள்ளி டைபிரேக்தான். 40-40 வந்தால் ஒரே பாயிண்ட், எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் எடுப்பவர்கள் முடிவு செய்வார்கள். நன்றாக ஆடியும் தோற்கலாம். இது தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் தூக்கம் வரும்.

இனி பார்ட்னர். எங்கள் காலத்தில் சூப்பர்வைசர் மேசையில் ஒரு தாள் இருக்கும், குறித்த நேரத்துக்குள் இரண்டு பேரையும் எழுத வேண்டும். ஒரு வடநாட்டு ஊரில் அப்படி நின்றுகொண்டிருக்கிறேன். என்னோடு மூன்று மாதமாக ஆடியவன் "வந்துட்டே இருக்கேன்" என்று செய்தி அனுப்பினான். வந்தான், வந்து வேறொருத்தன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவனுக்கு முப்பது இடம் மேலே இருக்கிற ஆள் கிடைத்திருக்கிறான். கோபமே வரவில்லை என்றால் பொய். ஆனால் அடுத்த மாதம் நானும் இன்னொருத்தனுக்கு அதையேதான் செய்தேன். அந்த இரண்டாவது விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017 ஜனவரி, நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், சென்னை ஓபன் இறுதி. போபண்ணாவும் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும் ஒரு பக்கம், பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும் மறுபக்கம். நான் கேலரியில். 6-3, 6-4 என்று ஜீவன் பக்கம் ஜெயித்தது. அடுத்த வருஷம் அந்தப் போட்டியே புனேவுக்குப் போய்விட்டது. ஜீவனுக்கு அடுத்த ஏடிபி பட்டம் எப்போது கிடைத்தது தெரியுமா? 2024 செப்டம்பர், சீனாவின் ஹாங்சோவில், விஜய் சுந்தர் பிரசாந்த்தோடு. முதல் செட்டை விட்டு, இரண்டாவதை டைபிரேக்கில் எடுத்து, கடைசி டைபிரேக் 10-7. இடையில் ஏழரை வருஷம். சனி பிடித்தால்கூட அவ்வளவுதான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஆனால் அந்த ஏழரை வருஷமும் வாராவாரம் ஏதோ ஒரு ஊரில் சர்வ் போட்டுக்கொண்டிருந்தாரே, அதுதான் இந்தத் தொழில்.

கணபதி_லேத்:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு தடவை படிச்சேன். அப்ப வேண்டாம்னு சொல்லீரட்டுங்களா? பையன் சர்வ் நல்லாப் போடுவான்னு எல்லாரும் சொல்றாங்க.

நரம்பு_கட்டி:

நான் பந்து அடிக்கிற ஆள் இல்லை, பேட்டுக்கு ஸ்டிரிங் கட்டுற ஆள். இருபது வருஷமா சென்னையில நடக்குற போட்டிகள்ல மெஷினோட உட்கார்ந்திருக்கேன். ஒண்ணு சொல்றேன். டபுள்ஸ்காரங்க வர்றப்ப பெரும்பாலும் ஜோடியாத்தான் வருவாங்க. ஒருத்தன் பேட்டை ஒருத்தன் தட்டிப் பார்த்து சத்தம் கேப்பான். "இவனுக்கு ஸ்டிரிங் இறுக்கத்துல ஒரு பவுண்டு கொறைச்சுப் போடுங்க, நேத்து வாலி எல்லாம் (பந்து தரையில படறதுக்கு முன்னாடியே அடிக்கிறது) நெட்லயே விழுந்துச்சு"ன்னு பார்ட்னர் சொல்லுவான், பேட்டுக்காரன் தலையாட்டுவான். தோத்துட்டுத் தனித்தனியா வந்து பேட்டை வாங்கிட்டுப் போறவங்களை அடுத்த வருஷம் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆட்_கோர்ட்:

நரம்பு அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் ஐயா கேட்டதற்கு.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒற்றையரை இப்போதே விடாதே என்று சொல்லுங்கள். 15 ஆயிரம் டாலர் போட்டியில் இரட்டையர் கோப்பையே வாங்கினாலும் ஜோடிக்கு ஆயிரம் டாலர்கூட வராது. அதைப் பாதி போட்டால் விமான டிக்கெட்டுக்குக் காணாது. ஊருக்குப் போனதுதான் போனான், இரண்டிலும் ஆடட்டும். ஒற்றையர் ரேங்கிங் ஏறினால் இரட்டையர் கதவும் திறக்கும், மேலே சொன்ன கூட்டல் கணக்கு அவனுக்கும் பொருந்தும்.

சர்வ் நல்லாப் போடுகிறான் என்பதை நான் ரொம்பக் கணக்கில் எடுக்கமாட்டேன். அந்த மட்டத்தில் எல்லோரும் போடுவார்கள். எதிராளியின் இரண்டாவது சர்வை, நெட்டில் நிற்கிறவன் கைக்கு எட்டாமல், சர்வ் போட்டுவிட்டு முன்னால் வருகிறவன் காலடியில் தாழ்வாகப் போடுகிறானா? அதைப் பாருங்கள். அப்புறம் முதல் வாலி இல்லை, இரண்டாவது வாலி. முதல் வாலியைப் போட்டுவிட்டு ரசித்துக்கொண்டு நிற்கிறவன் டபுள்ஸ்காரன் இல்லை.

உங்கள் ஊர் ஸ்ரீராம் பாலாஜியையே பாருங்கள். 2024 பிரெஞ்சு ஓபனில் மெக்சிகோவின் ரேயஸ்-வரேலாவோடு சேர்ந்து போபண்ணா–எப்டன் ஜோடியை மூன்றாவது செட் டைபிரேக் வரை (கிராண்ட் ஸ்லாமில் மூன்றாவது செட் உண்டு) இழுத்தார். தோற்றார். ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணா தனக்குப் பக்கத்தில் நிற்கக் கேட்டது அவரைத்தான். அங்கே மான்ஃபில்ஸ் ஜோடியிடம் முதல் சுற்றிலேயே போனது வேறு கதை.

கடைசியாக ஒன்று: அவன் பார்ட்னர் யார்? அதை விசாரித்தீர்களா?

பேஸ்லைன்_பாண்டி:

சத்திரத்தை வாபஸ் வாங்கறேன். கணக்கை வாங்கமாட்டேன்.

கணபதி_லேத்:

விசாரிச்சேனுங்க. ஈரோட்டுப் பையன், இடது கை. அவங்கப்பா மஞ்சள் மண்டியில கணக்கெழுதறாராம். நேத்து ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து தோசை தின்னானுங்க. ஈரோட்டான் எட்டு, எங்காளு ஆறு. எங்க வீட்டம்மா தோசைக்கல்லுக்கும் மேசைக்குமா நடந்துட்டு இருந்தா. நான் சட்னி எடுக்கறதுக்குக் குனிஞ்சப்ப பார்த்தேன், பெஞ்சுக்குப் பின்னால கையை வச்சுக்கிட்டு ரெண்டு வெரலைக் காட்டறான் ஒருத்தன், மூடுன கையைக் காட்டறான் இன்னொருத்தன். என்னடா அதுன்னேன். "யாரு கடைசித் தோசையை எடுக்கறதுன்னு பேசிட்டு இருக்கோம்பா"ன்னான்.

சிங்கிள்ஸும் ஆடறேன்னு ஒத்துக்கிட்டான். அடுத்த மாசத்துக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சுங்க.