பழைய வீட்டு டெக், வேலி வேலைகள்: பார்த்ததும் பட்டதும்

அலவாங்கு, ஸ்காபரோ

இருபது வருடமாகக் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அஜெக்ஸ் பக்கத்திலும் டெக் (வீட்டோடு சேர்த்து வெளியே போடும் மரத்தளம்), வேலி வேலை செய்கிறேன். புதிதாகக் கட்டியதை விட, மற்றவர்கள் கட்டியதைக் கழற்றியதே அதிகம். 1950களிலும் 60களிலும் எழும்பிய பங்களாக்கள், 70களின் இரண்டு மாடி வீடுகள்; எங்கள் சனத்தில் நிறையப் பேர் வாங்கியிருப்பது இவற்றைத்தான். வீடு உறுதியாக நிற்கும். பின் வளவில் பிறகு ஒட்டியதுதான் ஆபத்து. ஒருவர் பட்டது இன்னொருவருக்கு உதவும் என்பதால் இந்தத் திரியைத் தொடங்குகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

ஒரு ஜூன் மாதம் ஒரு அக்கா கூப்பிட்டார். மகளின் பத்தாவது பிறந்தநாள், சனிக்கிழமை நாற்பது பேர் வருகிறார்கள், டெக்கில் இரண்டு பலகை ஆடுகிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். புதன்கிழமை போனேன். மேலே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, முந்தின வருடம்தான் சாயம் பூசியிருந்தார்கள். கீழே தவழ்ந்து போய் டோர்ச் அடித்தேன். டெக்கை வீட்டுச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் நீளச் சட்டத்தை லெட்ஜர் என்போம். அதைச் செங்கல்லில் வெறும் ஆணியால் அறைந்திருந்தார்கள். ஆணித் தலை எல்லாம் கறல். சட்டத்தின் மேல் விளிம்பில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரைக்கும் இறங்கியது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போனது.

நிறையப் பேர் செங்கல் வீடு என்றால் செங்கல்தான் வீட்டைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். 70களின் வீடுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம், செங்கல் வெளியே நிற்கும் ஒரு வரிசைப் போர்வை. அது தன் பாரத்தைத் தானே சுமக்கும், அவ்வளவுதான். அதில் ஒரு டெக்கையும் நாற்பது பேரையும் தொங்கவிட முடியாது. கீழ் வரிசையில் சாந்து இல்லாமல் இடையிடையே விட்ட சின்னத் துவாரங்கள் இருந்தால், போர்வைச் செங்கல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் தண்ணீர் வெளியே வருவதற்கான வழி அது.

அக்காவிடம், பலகை மாற்றுவதில் பயன் இல்லை, சனிக்கிழமை ஒருவரும் இதில் ஏறக்கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி தம்பி, புல்லிலேயே கதிரை போடுறம்" என்றார். பின் கதவுக்குக் குறுக்கே நானே ஒரு பலகையை அடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அவர் என்னை நம்பியதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்த டெக்கை முழுதாக இறக்கி, வீட்டைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கும் டெக்காகக் கட்டினோம். உயரம் நாலடி. ரொறன்ரோவில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக்குக்கு நகரசபை அனுமதி வேண்டும், அதையும் எடுத்தோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. அத்திவாரத்தை ஒட்டிய மண், வீடு கட்டும்போது தோண்டித் திரும்ப நிரப்பிய மண். அதில் தூண் நிறுத்தினால் காலப்போக்கில் இறங்கும். அதனால் தூண் வரிசையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஜோயிஸ்ட் என்கிற குறுக்குச் சட்டங்களை, தூண்களின் மேல் கிடக்கும் வளையை (பீம்) தாண்டிக் கிட்டத்தட்ட இரண்டடி சுவர்ப் பக்கம் நீட்டினோம். சுவருக்கும் டெக்குக்கும் இடையே ஒரு அங்குலம் விட்டோம். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் கீழே போய்விடும், ஒன்றும் உக்காது.

அடுத்தது குளிர். ஊரில் எங்களுக்குத் தெரியாத எதிரி. ஒரு வீட்டில் மார்ச் மாதம் பின் கதவு திறக்கவில்லை. டெக் மேலே எழும்பிக் கதவின் அடியை முட்டிக்கொண்டு நின்றது. தூண்கள் நிலத்தின் மேல் வைத்த சீமெந்துக் கல்லில் நின்றன. ஸ்காபரோவில் பல இடங்களில் களிமண், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது உறையும்போது உள்ளே ஐஸ் தட்டுத் தட்டாகத் தடித்து, மேலே உள்ளதைத் தூக்கும். வசந்தத்தில் உருகி இறங்கும்போது பழைய மட்டத்துக்கு வராது. ஒரு மூலை ஒன்றரை அங்குலம், இன்னொரு மூலை அரை அங்குலம் என்று நிற்கும். அதனால்தான் இங்கே நாலடி ஆழம் கேட்கிறார்கள். உறைபனி இறங்காத மண்ணில் கால் ஊன்ற வேண்டும்.

நாலடி தோண்டினாலும் பிழை வரலாம். ஒரு வீட்டில் குழி ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் அட்டைக் குழாய் வைக்காமல் கொங்கிறீற்றை அப்படியே ஊற்றியதில் மேற்பக்கம் காளான் குடை போல விரிந்திருந்தது. உறைந்த மண் அந்தக் குடைக்குக் கீழே பிடித்து, முழுத் தூணையும் வருடா வருடம் இழுத்து எடுத்திருக்கிறது. அட்டைக் குழாய் வைத்து ஊற்றினால் பக்கம் வழுவழுப்பாக இருக்கும், மண்ணுக்குப் பிடி கிடைக்காது.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

---

பிக்கரிங் வாசி

அண்ணா, எங்களுடையது வேலிக் கதை. 2022 மே 21, அந்தப் பெருங்காற்று நாள். பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். ஓய்ந்த பிறகு யன்னலால் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரரின் அடுப்படி நேராகத் தெரிகிறது. ஒன்பது தூண் வரிசையாகப் படுத்துவிட்டன. மேலே மரம் நல்ல பலமாக இருந்தது, வெட்டிப் பார்த்தேன், உள்ளே நிறம்கூட மாறவில்லை. ஒன்பதும் முறிந்தது ஒரே இடத்தில், மண் மட்டத்தில்.

முதலில் காற்றைத்தான் குற்றம் சொன்னோம். தூணின் அடியைக் கிளறியபோதுதான் விளங்கியது. கொங்கிறீற்றின் மேற்பக்கம் மண்ணுக்குக் கீழே கிண்ணம் போல் குழிந்திருந்தது. முப்பது வருடம் மழையும் பனியும் அந்தக் கிண்ணத்தில் நின்றிருக்கிறது.

அதைவிடப் பெரிய தலையிடி எல்லை. பழைய வேலி இருந்த இடத்திலேயே போடுவோம் என்று நாங்கள், இல்லை அது தன் பக்கம் வந்திருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரர். அப்பாவுக்கு உடனே யாழ்ப்பாணம் வந்துவிட்டது. வேலிக் கதியாலை (வேலிக்கு நடும் தடி) ஒரு சாண் தள்ளி நட்டதற்குக் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்களை அவர் கண்டவர். "வேலி போட முதல் எல்லையைக் கண்டுபிடி, ஆளோடு கதையாதே" என்றார். வீடு வாங்கியபோது வந்த சர்வே படத்தைத் தேடி எடுத்து, நில அளவையாளரைக் கூப்பிட்டோம். மூலையில் முக்கால் அடி மண்ணுக்குக் கீழே இரும்புக் கம்பி இருந்தது. பழைய வேலி உண்மையாகவே ஐந்து அங்குலம் அவருடைய நிலத்தில்தான் நின்றது. நாங்கள் போய் ஒத்துக்கொண்டோம். அவர் அன்றைக்கே பாதிச் செலவு தருவதாகச் சொன்னார். அந்தக் கம்பியைப் பிடுங்கவோ நகர்த்தவோ கூடாது, சட்டப்படி குற்றம். எங்கள் வேலைக்காரர் அதைத் தூண் குழிக்கு இடைஞ்சல் என்று எடுக்கப் பார்த்தார், நல்லவேளை அப்பா பக்கத்தில் நின்றார்.

---

அலவாங்கு, ஸ்காபரோ

தங்கச்சி, உங்கள் அப்பாவின் சொல்லை நான் வேலைக்குப் போகும் வீடெல்லாம் சொல்லப்போகிறேன்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி. மரம் தண்ணீரில் முழுதாகத் தாழ்ந்திருந்தால் சீக்கிரம் உக்காது. முழுதாகக் காய்ந்திருந்தாலும் உக்காது. ஈரமும் காற்றும் சேருமிடத்தில்தான் பூஞ்சணம் தின்னும், வேலித் தூணுக்கு அது மண் மட்டம். அதனால் கொங்கிறீற்றை நில மட்டத்துக்கு ஒரு அங்குலமாவது மேலே கொண்டுவந்து, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்து விடுங்கள். குழியின் அடியில் ஐந்தாறு அங்குலம் சல்லிக்கல் போட்டு, தூணின் அடி அதில் நிற்கட்டும். தூணின் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கொங்கிறீற்றால் மூடினால் தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை.

பழைய கொங்கிறீற்றுக் கட்டியைக் கிளப்புவதுதான் உடம்பை முறிக்கும் வேலை. களிமண்ணில் அலவாங்கு போட்டு ஒரு கட்டிக்கு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது பல வீடுகளில் தூண் இடைவெளியை மாற்றி, பழைய குழிகளுக்கு நடுவில் புதுக் குழி தோண்டுகிறேன். ரொறன்ரோவில் பின் வளவு வேலி பொதுவாக இரண்டு மீற்றர் வரை போகலாம். அந்த உயரத்தில் பலகையை இடைவெளி இல்லாமல் அடித்தால் அது பாய்மரக் கப்பலின் பாய்தான். முன்னும் பின்னும் மாறி மாறிப் பலகை அடித்தால் காற்று ஊடே போகும், பார்வையும் மறையும்.

---

மல்வேர்ன் தம்பி

நான் தொழில் செய்பவன் இல்லை, என் வீட்டு வேலியை நானே போட்டேன். ஒன்ராறியோவில் தோண்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும், காசு இல்லை, கட்டாயம். அறிவித்தேன். வந்து புல்லில் நிறம் அடித்துவிட்டுப் போனார்கள்: மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி கேபிள். எல்லாம் முன்பக்கம், என் வேலி பின்பக்கம், கவலை இல்லை என்று ஓகர் (குழி தோண்டும் இயந்திரம்) வாடகைக்கு எடுத்தேன்.

மூன்றாவது குழியில் சத்தம் மாறியது. நிறுத்திவிட்டுக் கையால் கிளறினேன். கறுப்பு வயர். வீட்டிலிருந்து பின்னால் இருக்கும் கராஜுக்குப் பழைய உரிமையாளர் தானாக இழுத்த மின்சாரம், ஒரு அடி ஆழம்கூட இல்லை. உறை உரிந்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன். அன்றைக்கு முழுவதும் கை நடுங்கியது, மனைவிக்கு அடுத்த நாள்தான் சொன்னேன்.

பிறகு தெரிந்தது, அவர்கள் குறிப்பது வீட்டின் மின்சார, காஸ் மீற்றர் வரைக்கும் வரும் நிறுவனங்களின் குழாய், கம்பிகளைத்தான். மீற்றருக்கு அப்பால் வீட்டுக்காரர் போட்டது அவர்கள் படத்தில் இராது. கராஜ் விளக்கு, பாபிகியூவுக்குப் போகும் காஸ், நீச்சல் தடாக மோட்டர். பழைய வீடு வாங்கியவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். கராஜில் விளக்கு எரிகிறதா? அப்படியானால் அந்த வயர் எந்த வழியால் போகிறது என்று கண்டுபிடித்த பிறகு மண்ணைத் தொடுங்கள்.

---

மார்க்கம் ரோட் அம்மா

பிள்ளைகள், ஒரு கேள்வி. எங்கள் டெக் 1990களில் போட்டது என்று முன்பு இந்த வீட்டில் இருந்த ஆட்கள் சொன்னார்கள். பச்சை கலந்த மரம். மகன் கழற்றி, விறகாக எரிக்கலாம் என்று கராஜில் அடுக்கி வைத்திருக்கிறார். டெக்கின் ஓரத்தில்தான் நான் கீரையும் வெங்காயமும் போடுகிறனான். இதுகளால் ஏதும் கெடுதல் வருமா?

---

அலவாங்கு, ஸ்காபரோ

அம்மா, அந்த மரத்தை எரிக்க வேண்டாம். இதை மகனுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். 2003 முடியும்வரை இங்கே வீட்டு வேலைக்கு விற்ற பச்சை மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்த்த மருந்துதான் பெரும்பாலும் ஏற்றியிருந்தார்கள். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அடுப்பிலும் வேண்டாம், வளவில் குளிர்காய நெருப்பிலும் வேண்டாம். சாம்பலை உரமாகப் போடவே கூடாது. அரிகிற நேரம் முகமூடியும் கையுறையும் போட்டு, கீழே படங்கு விரித்துத் தூளைக் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். மரத்தை எங்கே கொடுப்பது என்று நகரசபைக் கழிவுப் பகுதியில் கேளுங்கள்.

கீரைப் பாத்தியை டெக் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். மழையில் மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு இறங்கியிருக்கும். சீடர் பலகையில் பெட்டி அடித்துப் புது மண் போட்டால் வெங்காயம் அதில் நன்றாக வரும். நான் அந்தப் பக்கம் வரும்போது மிஞ்சின சீடர் துண்டு கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம்.

இதோடு ஒன்று. 2004க்குப் பிறகு வந்த மருந்து மரத்தில் ஆர்சனிக் இல்லை, ஆனால் செம்பு கூட. சாதாரண ஆணியை அது அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணி, அல்லது கறல் பிடிக்காத எஃகு வாங்குங்கள். ஜோயிஸ்டைப் பிடிக்கும் இரும்புத் தாங்கிகளுக்கு டெக் ஸ்குரூ போடாதீர்கள். அது கெட்டி, ஆனால் வளையாது, பாரம் வந்தால் தலை தெறிக்கும். தாங்கிக்கென்று விற்கும் கட்டையான தடித்த ஆணியே வேண்டும். தாங்கியில் எத்தனை துவாரம் இருக்கிறதோ அத்தனையிலும்.

---

பிக்கரிங் வாசி

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். புது வேலி முடிகிற நாள், அம்மா வந்து நடுவில் ஒரு இடத்தைக் காட்டி, இதில் அடிக்க வேண்டாம் என்றார். அடுத்த வீட்டில் ஒரு இத்தாலிய ஆச்சி இருக்கிறார், அவரின் மகன்தான் எல்லை கேட்டவர். வேலி விழுந்து கிடந்த மூன்று கிழமையும் அம்மாவும் அவரும் தக்காளிக் கன்று, கறிமிளகாய், ஒரு நாள் தோசை என்று கைமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருவருக்கும் பத்து வார்த்தைதான் பொதுவாக இருக்கும். அம்மா கேட்டது ஊரில் வேலியில் விடுகிற பொட்டு, அடுத்த வளவுக்குப் போய்வரும் சின்ன வழி.

வேலைக்காரருக்குப் பொட்டு என்றால் என்னவென்று சொல்லி விளங்கப்படுத்தி, இரண்டு தூணுக்கு நடுவில் மூன்றடிக் கதவு வைத்தோம். கதவு சரியாமல் இருக்கக் குறுக்குக் கட்டையைக் கீழே பிணைச்சல் பக்கத்திலிருந்து மேலே கொண்டிப் பக்கத்துக்குச் சாய்வாகப் போட வேண்டும், மாறிப் போட்டால் ஒரு வருடத்தில் தொங்கும் என்று அவர் காட்டித் தந்தார். கொண்டி இரண்டு பக்கத்தாலும் திறக்கும்.