ஒப்பு போட்ட பிறகு காரை வேண்டாம்னு சொல்ல முடியுமா?

களியக்காவிளைக்காரன்:
ஓண ஆஃபர்னு கேரளத்தில் பாறசாலை தாண்டி ஒரு ஷோரூமில் போன வாரம் கார் புக் பண்ணினேன். ரூ. 50,000 கட்டி ஆர்டர் ஃபாரத்தில் ஒப்பு போட்டாச்சு, லோன் பேப்பரிலும் போட்டாச்சு. வண்டி இன்னும் அங்கேதான் நிக்குது. நேத்துதான் சொல்றாங்க, என் ஆதார் தமிழ்நாடு, கேரள நம்பர் கிடைக்காதாம். தற்காலிகப் பதிவில் கொண்டுபோய் மார்த்தாண்டத்தில் ஆயுள் வரி கட்டணுமாம். தந்த கொட்டேஷனில் இருந்தது கேரள வரி! "பாறசாலையில் மாமி வீடு உண்டல்லோ, அந்த அட்ரஸ் தந்தா மதி, போதும்"ங்கிறார் சேல்ஸ் சேட்டன். எனக்கு வண்டியே வேண்டாம்னு ஆயிட்டு. பணம் திரும்பாதுங்கிறார் மேனேஜர். மூணு நாளுக்குள்ள ரத்து பண்ணச் சட்டம் இருக்குன்னு தம்பி சொல்றான். உள்ளதா?

நாரோயில் மக்கா:
அந்த மூணு நாள் அமெரிக்கச் சங்கதி மக்கா. அங்கயும் வீடு தேடி வந்து விக்கிற சாமானுக்குத்தான், ஷோரூம் காருக்கு இல்லை. இங்க அப்படி ஒண்ணும் கிடையாது. இன்வாய்ஸ் போட்டாச்சா? லோன் பணம் போயிட்டா?

குழித்துறை:
மாமி அட்ரஸ் மட்டும் கொடுக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 40ஆம் பிரிவுப்படி, நாம குடியிருந்தோ தொழில் நடத்தியோ வண்டியை வழக்கமா வச்சிருக்கிற மாநிலத்தில்தான் பதிவு. பொய் விலாசத்தில் எடுத்து, நாளைக்கு விபத்துன்னா பதில் சொல்றது சேட்டன் இல்லை.

களியக்காவிளைக்காரன்:
இன்வாய்ஸ் நேத்து காலையில் போட்டுட்டாங்களாம். லோன் போகலை. ஜிஎஸ்டி கட்டியாச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுங்கிறாங்க.

தக்கலை அண்ணாச்சி:
ஒரு ஷோரூமில் கணக்கு எழுதினவன் நான். இன்வாய்ஸ் ரத்தானா கிரெடிட் நோட் (போட்ட பில்லைக் கழிக்கிற சீட்டு) போடலாம், வரியைச் சரிக்கட்டலாம். அதுக்கு ஜிஎஸ்டி சட்டத்திலேயே 34ஆம் பிரிவு இருக்கு. முடியாதுன்னா மனசில்லைன்னு அர்த்தம்.

தம்பி, முதல் வேலை பேங்குக்கு: பணத்தை விடாதீங்கன்னு இன்னைக்கே எழுதிக் கொடுங்க. அது போயிட்டா வட்டி உங்க தலையில். அடுத்து ஷோரூமுக்கு மெயில். கொட்டேஷன் நகலையும், பதிவு பற்றி முன்னாலே சொல்லலைங்கிறதையும் சேர்த்து அனுப்புங்க. ஃபாரத்தின் பின்பக்கப் பொடி எழுத்தில் ரத்துக் கட்டணம் இருக்கும், பாருங்க. ஆனா ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் எடுக்கலாம், முழுசையும் முழுங்க முடியாது.

மசியலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி கடை கேரளத்தில் இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்தில், நாகர்கோவிலிலேயே, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்க கட்டின பணம் 5 லட்சம் வரைன்னா புகாருக்குக் கட்டணமும் இல்லை.

நாரோயில் மக்கா:
அதே சட்டத்தில் 30 நாள்னு ஒண்ணு வருமே அண்ணாச்சி?

தக்கலை அண்ணாச்சி:
அது பழுதான சாமானைத் திருப்பி எடுக்க மறுத்தா. மனசு மாறினதுக்கு உதவாது.

களியக்காவிளைக்காரன்:
பத்து நாள் கழிச்சு எழுதறேன். லோனை நிறுத்தியாச்சு. மெயில் போன மூணாம் நாள் மேனேஜரே கூப்பிட்டார். 5,000 பிடிச்சுட்டு 45,000 வந்திருக்கு. அந்த ஐயாயிரத்துக்குச் சண்டை போடத் தெம்பில்லை, விட்டுட்டேன். மாமிக்குத்தான் கோவம், தன் அட்ரஸுக்கு என்ன குறைச்சல்னு.