சூடு கூடினால் காயத்தானே வேண்டும், மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது?

வாழைத்தோட்டம்:
ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. 2023 டிசம்பர் 17 ராத்திரி குளம் உடைந்து, குலை தள்ளி நின்ற ஏத்தன் அத்தனையும் சாய்ந்துவிட்டது. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு வராது. பூமி சூடாவதால் என்கிறார்கள். சூடு கூடினால் மழை எப்படிக் கூடும்? புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

மழைமானி:
அண்ணாச்சி, நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். கடலும் சூடாக இருப்பதால் ஆவிக்குப் பஞ்சமில்லை. அந்த ஆவி மேலே போய்க் குளிர்ந்து துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் மேகத்தை இன்னும் உயரத் தூக்கும், கீழிருந்து ஈரக்காற்றை இன்னும் இழுக்கும். முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த அளவு பெருமழை, உலகம் 1 டிகிரி சூடானதில் 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது என்கிறது ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை. 4 டிகிரி ஆனால் 2.7 மடங்கு.

சூடு கூடினால் காயும் என்று நீங்கள் சொன்னதும் உண்மைதான். மழை இல்லாத நாளில் அதே சூடு மண்ணின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடும்.

வாழைத்தோட்டம்:
சரி தம்பி. ஆனால் 7 சதவீதத்துக்கா எங்கள் குளம் உடைந்தது?

மழைமானி:
அது மட்டும் இல்லை. அன்று குமரிக்கடல் பக்கம் காற்றுச் சுழற்சி நகராமல் நின்று, கடல் ஈரத்தை ஒரே இடத்தில் இறக்கியது. சுழற்சிகள் அந்தக் காலத்திலும் வந்தவைதான். இப்போது அவற்றுக்குக் கிடைக்கிற தண்ணீர் அதிகம். விளிம்பு வரை நிறைந்த குளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரே போதும், கரை தாங்காது.

கரைக்காரர்:
எங்கள் ஊர்க் குளமும் அன்றுதான் உடைந்தது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எல்லாம் பழைய மழைக்கு அளந்து கட்டியது. கரையை மட்டும் உயர்த்திக் கட்டுகிறார்கள், மறுகாலை அகலப்படுத்துவதில்லை. தண்ணீருக்குப் போக வழி வேண்டாமா? மறுகால் ஓடை முழுக்கச் சீமைக்கருவேலம்.

வாழைத்தோட்டம்:
எங்கள் ஓடையும் அப்படித்தான் கிடக்கிறது. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் ஊர்க்காரர்களோடு இறங்கி வெட்டுகிறோம். கரைக்காரர் அண்ணன், மறுகாலை எத்தனை அடி அகலப்படுத்தணும் என்று உங்கள் ஊரில் யார் அளந்து சொன்னார்கள்?