வெஸ்ட் கார்க் (அயர்லாந்து) கடலோரம்: அம்மா அப்பாவோட போறோம், எங்கே சாப்பிடலாம்?

கல்மண்டபம்:
அக்டோபர் கடைசி வாரம் போறோம். வியாழன் ராத்திரி கார்க் சிட்டி, அப்புறம் கின்சேல்ல ஆரம்பிச்சு பான்ட்ரி வரைக்கும் வாடகைக் கார்ல. அப்பா விடிகாலையில காசிமேட்டு ஏலத்துல நின்னு மீன் எடுக்கிறவர், செவுளைத் தூக்கிப் பார்க்காம எதையும் நம்ப மாட்டார். அம்மா சனிக்கிழமை சைவம். மாடு, பன்றி ரெண்டு பேருக்குமே ஆகாது. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் பழக்கம். எந்த ஊர்ல எங்கே, எப்ப புக் பண்ணணும்?

மணிக்கூண்டு:
முதல்ல அந்த ஒன்பதரையை மறந்துடுங்க சார். அந்தப் பக்கம் எட்டரை, மிஞ்சிப்போனா ஒன்பதுக்கு அடுப்பை அணைச்சிடுவாங்க. பப் திறந்திருக்கும், ஆனா தின்ன சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து ரெண்டரைக்குள்ள வயிறாரச் சாப்பிட்டுட்டு, ராத்திரிக்கு ஆறு மணி மேசை எடுங்க. 'ஏர்லி பேர்ட்'னு மெனு இருந்தா அதே சமையல், அயிட்டம் மட்டும் கம்மி, விலையும் கம்மி.

அடுத்தது, நீங்க எடுத்திருக்கிற வாரம். அக்டோபர் கடைசித் திங்கள் அங்கே அரசு விடுமுறை. அதையொட்டின சனி ஞாயிறு கார்க்ல ஜாஸ் திருவிழா, அந்த வாரமே பள்ளிக்கூடமும் லீவு. அதனால திங்கள் வரைக்கும் இடம் கிடைக்காது. திங்கள் தாண்டினா கடலோரத்துல பல கடைங்க வசந்தகாலம் வரைக்கும் ஷட்டரை இறக்கிடும், இல்லன்னா வியாழன் டு ஞாயிறு மட்டும் திறக்கும்.

அதனால ரூட்டைத் தலைகீழாப் போடுங்க. வெள்ளி காலையில நேரா பான்ட்ரி, ஒன்றரை மணி நேர ஓட்டம். வெள்ளிதான் அங்கே சதுக்கத்துல சந்தை. சனி ஸ்கிபரீன், அன்னைக்கு அங்கே உழவர் சந்தை, அம்மாவுக்கும் சௌகரியம். ஞாயிறு மதியம் க்ளோனகில்டி. திங்கள் கின்சேல். ஊர் சிட்டி பக்கத்துலயே இருக்கு, கூட்டமும் வரும், அதனால திங்கள்கிழமையும் ஏதாவது திறந்திருக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். நீங்க போட்ட வரிசையில போனா திங்கள்கிழமை பான்ட்ரியில பூட்டைப் பார்த்துட்டு நிப்பீங்க.

சிட்டியில இங்கிலீஷ் மார்க்கெட்டை வியாழன் சாயந்தரம் ஆறுக்குள்ள பார்த்துடுங்க. 1788லருந்து இருக்கிற மார்க்கெட், ஞாயிறு லீவு. போட்டி அங்கேயும் விக்கும். ஆனா பால்லயும் வெங்காயத்துலயும் வேகவைக்கிறது, மிளகாய் வாசமே இருக்காது. அது மாட்டு இரைப்பைதான், அதனால உங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும்.

திருவொற்றியூர்க்காரி:
அப்பாவுக்கு என்ன ஆர்டர் பண்றதுன்னு நான் சொல்றேன் அண்ணா. பெரிய ட்ராலருங்க நாள் கணக்குல கடல்லயே கிடந்துட்டு வரும், ஐஸ் இல்லாம முடியாது. அதே நாள் கரைக்கு வர்றது சின்ன போட் சரக்குதான்: நண்டு, சிங்கி இறால், கானாங்கத்த. அக்டோபர் கடைசியில அட்லாண்டிக் புயல் கிளம்பிடுச்சுன்னா சின்ன போட் எதுவும் போகாது. காத்து அடிச்ச மறுநாள் மெனுவுல 'இன்றைய மீன்'னு இருந்தா எப்ப இறங்கினதுன்னு தாராளமா கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

அவரை மடக்குறது மட்டிதான். பான்ட்ரி வளைகுடாவுல கயித்துல வளர்க்கிறது, உயிரோடயே கொதியில போடுவாங்க. பழசுங்கிற பேச்சே வராது. வெந்தும் வாய் திறக்காத மட்டியை ஒதுக்கிடுங்க. தண்ணியில நச்சுப்பாசி ஏறினா அறுவடையை நிறுத்தி வச்சிருப்பாங்க, அப்ப மெனுவுல இருக்காது. துண்டு மீன்னா ஹேக் கேளுங்க, சதை மெத்துன்னு ஏடு ஏடாப் பிரியும். பான்ட்ரியில மீன்கடைக்கு மேல்மாடியிலேயே ஃபிஷ் கிச்சன்னு ஒரு இடம். செவுள் பார்க்கணும்னா அப்பா கீழே எட்டிப் பார்த்துக்கலாம். கின்சேல்ல ஃபிஷி ஃபிஷி. ரெண்டுக்கும் போன் போட்டு உறுதி பண்ணிட்டுப் போங்க. வேகவைக்காத சிப்பி (ஆய்ஸ்டர்) இந்த வயசுல வேண்டாம்.

மாடு, பன்றி ஒளிஞ்சிருக்கிற இடங்களைக் குறிச்சுக்குங்க. மீன் சௌடர்னு வர்ற கெட்டி சூப்ல பேக்கன், அதாவது உப்புப் போட்ட பன்றித் துண்டு கிடக்கலாம். ஸ்காலப்ங்கிற சிப்பி வகை கேட்டா அடியில பிளாக் புட்டிங் துண்டு வச்சுத் தர்றது வழக்கம். க்ளோனகில்டி பேர் வாங்கினதே அதுக்குத்தான், ரத்தமும் ஓட்ஸும் வெங்காயமும் போட்டது. நம்ம ரத்தப் பொரியல் மாதிரின்னு நினைச்சு எடுத்துடாதீங்க, மாட்டுச் சதையும் சேர்ந்தது. மீன் வறுவல் கடையில எண்ணெயா, மாட்டுக் கொழுப்பான்னு கேட்டுட்டு வாங்குங்க. சிப்ஸும் அதே சட்டியிலதான் பொரியும்.

சனிக்கிழமை அம்மாவுக்கு சூப் சைவம்னு எழுதியிருந்தாலும் அடியில ஊத்துற ஸ்டாக் கோழி வேகவைச்ச சாறான்னு கேளுங்க. சந்தையில டரஸ், கபீன், மில்லீன்ஸ்னு உள்ளூர் சீஸ் இருக்கும். மேல்தோலை உப்புத்தண்ணியால தேய்ச்சு வளர்க்கிறதால வாடை தூக்கும், உள்ளே மிருதுதான். ஆனா பால் திரிக்கக் கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கிற ரென்னெட்ங்கிற உறை போட்டிருந்தா அம்மாவுக்கு ஆகாது. விக்கிறவங்களையே கேட்கலாம், பாதிக்குமேல செஞ்சவங்களே நிப்பாங்க.

கல்மண்டபம்:
ரூட்டை மாத்திட்டேன், நன்றி. பால்டிமோர்ல ரெண்டு மிஷ்லின் நட்சத்திரக் கடை ஒண்ணு இருக்காமே? வியாழன் ராத்திரி சிட்டியில எங்கே? இட்லிப்பொடி, ஊறுகாய் எடுத்துட்டுப் போகலாமா?

பழைய வண்ணை:
அது 'டெடெ'. ஸ்கிபரீன்லருந்து கால் மணி நேரம். செஃப் துருக்கிக்காரர், அதனால மசாலா மணம் உண்டு. ஆனா அவங்க வச்ச வரிசையில ஒவ்வொண்ணா வரும், மணிக்கணக்குல உட்காரணும், விலையும் தலை சுத்தும். சனிக்கிழமை சைவக்காரங்களைக் கூட்டிட்டுப் போற இடமில்லைன்னுதான் சொல்வேன். வியாழனுக்கு பாரடைசோ பாருங்க. 1993லருந்து நடக்குது, முழுக்க சைவம். அப்பா முகத்தைச் சுளிச்சா சுளிக்கட்டும், ஒரு வேளைதானே.

புக்கிங்: இன்னைக்கே பண்ணுங்க. அவங்க போன் எடுக்கிற நேரம் காலை பதினொண்ணு, நமக்கு மதியம் மூன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால தள்ளுவாங்க, அப்புறம் நாலரைன்னு கணக்கு. நெட்ல புக் பண்ணா கார்டு நம்பர் கேட்பாங்க, சொல்லாம வராமப்போனா ஆளுக்கு இவ்வளவுன்னு பிடிப்பாங்க. பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணுங்க. ஓடிபி வர்ற சிம்மைக் கழட்டாதீங்க, ரோமிங் போட்டு வைங்க.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் இருக்கான்னு பார்த்துட்டு டிப் வைங்க. இல்லன்னா பத்து சதவீதம் போதும். குழாய்த் தண்ணி இலவசம், வாய்விட்டுக் கேட்டாத்தான் வரும்.

இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் பிரச்சினை இல்லை. இறைச்சி, பால் சம்பந்தப்பட்டது எதுவும் ஐரோப்பாக்குள்ள விடமாட்டாங்க: மட்டன் ஊறுகாய், நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கருவாட்டுக்குத் தடை இல்லை, ஆனா ஓட்டல் ரூம்ல அதைப் பிரிச்சுடாதீங்க.