உபகாரச் சம்பளம் ஜூலையோடு நிற்கிறது, ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிப்பது?

கென்ட்ரிட்ஜ்_காற்று கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயன்ஸ்) முனைவர் பட்ட ஆய்வு, வெளிநாட்டு மாணவன், ஆகஸ்ட் சேர்க்கை. இது 40ஆம் மாதம். பல்கலைக்கழகத்தின் ஆய்வு உபகாரச் சம்பளம் 48 மாதத்துக்குத்தான், அதாவது ஜூலை இறுதிவரை. இரண்டு கட்டுரைகள் வெளிவந்துவிட்டன, மூன்றாவது மதிப்பீட்டில் இருக்கிறது. ஐந்து அத்தியாயங்களில் மூன்றுக்கு முதல் வரைவு தயார். கடைசி அத்தியாயத்துக்குச் சோதனை இன்னும் பாக்கி.

கேட்க நினைப்பவை: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சரியான நேரம் எது? சமர்ப்பித்த பிறகு வாய்மொழித் தேர்வு வரை செலவுக்கு என்ன வழி? உபகாரச் சம்பளத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாமா? நெறியாளர் தன் திட்ட நிதியிலிருந்து வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆய்வக_ஆந்தை எழுதியது:

ஜூலை 31இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இன்றிலிருந்து முன்னோக்கித் திட்டம் போட்டால் எழுத்து முடியும் நாள்தான் சமர்ப்பிக்கும் நாளாகிவிடும். அது எப்போதும் தள்ளிப்போகும்.

முதலில் பணக் கணக்கு. ஆய்வேட்டைத் தேர்வுக்குச் சமர்ப்பித்த அன்றோடு மாதத்தொகை நின்றுவிடும். 48 மாதம் முடியும் நாள், சமர்ப்பிக்கும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால் இரண்டு மாதத் தொகை போய்விடும். மறுபக்கம், ஆகஸ்ட் பருவம் தொடங்கும்வரை இழுத்தால் அந்தப் பருவக் கட்டணம் உங்கள் தலையில் விழும், ஏனென்றால் உபகாரச் சம்பளம் கட்டணத்தையும் அதற்குமேல் ஏற்காது. ஆகவே உங்களுக்கு ஜூலையின் பின்பாதிதான் சரியான நேரம். புதிய பருவத்துக்குக் கட்டணம் வராமலிருக்க எந்தத் தேதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்று துறை அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

ஆனால் பெரும்பாலோர் சிக்குவது எழுத்தில் அல்ல, தேர்வாளர் நியமனத்தில். பொதுவாக மூன்று தேர்வாளர்கள், அதில் ஒருவராவது வெளியிலிருந்து வருபவர். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே அவர்கள் பெயர்களை நெறியாளர் அனுப்பிவிட வேண்டும், தலைப்பும் சுருக்கமும் அதோடு போகும். உங்களோடோ நெறியாளரோடோ அண்மையில் சேர்ந்து கட்டுரை எழுதியவர் தேர்வாளராக முடியாது. பொருளறிவியல் போன்ற துறைகளில் தெரிந்த பெயரெல்லாம் ஏதோ ஒரு கட்டுரையில் கூட்டாசிரியராக இருக்கும். அதனால் மூன்று இடத்துக்கு ஆறு பெயராவது கையில் வேண்டும். ஒவ்வொருவரோடும் கூட்டுக் கட்டுரை உண்டா என்று நீங்களே தேடிப் பார்த்து, பட்டியலை மார்ச் மாதமே நெறியாளரிடம் கொடுங்கள். தேர்வாளருக்கு நீங்கள் நேரடியாக எழுதக் கூடாது. நலம் விசாரித்து ஒரு வரி போனாலும் நியமனம் கேள்விக்குள்ளாகும்.

நெறியாளர் ஒரு சுற்று படித்துத் திருத்தித் தர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். இரண்டு சுற்று வேண்டும். அப்படியானால் முழு வரைவு ஏப்ரல் இறுதியில் அவர் மேசையில் இருக்க வேண்டும், சோதனை பிப்ரவரி இறுதியில் நிற்க வேண்டும். பிப்ரவரிக்குள் முடியாத சோதனையை "அடுத்த கட்ட ஆய்வு" என்ற பகுதிக்குத் தள்ளுவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு கட்டுரைகள் வந்துவிட்ட நிலையில் நான்கு முழுமையான அத்தியாயங்களே பலமான ஆய்வேடு. அரைகுறையான ஐந்தாவது அத்தியாயம்தான் தேர்வாளர் கைவைக்கும் இடம்.

இன்னொன்று: ஒப்புமைச் சோதனை. எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் ஐதென்டிகேட் மென்பொருளில் போட்டால் உங்கள் சொந்தக் கட்டுரைகளே பெரிய விழுக்காட்டில் வந்து நிற்கும். அதில் தவறில்லை, ஆனால் எந்த அத்தியாயம் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது, கூட்டாசிரியர் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று ஆய்வேட்டின் முன்பக்கங்களில் அறிவிக்க வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனி அறிக்கைப் பக்கமே உண்டு. படங்களை மறுபடி பயன்படுத்தும்போது பதிப்பாளர் கேட்கும் உரிமை வாசகத்தைப் படத்தின் அடியில் சேர்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் நாற்பது படத்துக்கு இதைச் செய்வது கொடுமை.

பூன்லே_பொறியாளர் எழுதியது:

பணமும் அனுமதிச் சீட்டும் பற்றி நான் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுக்கு மேல் உபகாரச் சம்பளம் நீட்டிக்கப்படுவது அபூர்வம். கருவி பல மாதம் பழுதாகி நின்றது, நெறியாளர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்டார் என்பது போல ஆவணத்தோடு காட்டக்கூடிய காரணம் இருந்தால் மட்டும் கேளுங்கள், அதையும் இப்போதே கேளுங்கள். "எழுத நேரம் போதவில்லை" என்பது காரணமாக எடுபடாது.

நெறியாளரின் திட்ட நிதி விஷயத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். திட்டம் முடியும் தேதி என்ன, ஆள் செலவு என்ற தலைப்பில் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கருவிக்கு ஒதுக்கிய பணத்தை ஆள் செலவுக்கு மாற்ற நிதி கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும், அதற்குப் பல வாரம் ஆகும். திட்டம் செப்டம்பரில் முடிகிறது என்றால் ஆகஸ்டில் உங்களை வேலைக்கு எடுப்பதில் யாருக்கும் பயனில்லை.

மாணவர் அனுமதிச் சீட்டில் முழுநேர வேலை செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்குப் பருவ காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் என்ற விலக்கு இருக்கிறது. ஆனால் உபகாரச் சம்பளம் வாங்கும்வரை அதற்கும் பல்கலைக்கழகத்தின் முன் அனுமதி தேவை. சமர்ப்பித்த பிறகு முழுநேர ஆய்வு உதவியாளராகச் சேர்வதென்றால் மனிதவள அமைச்சின் வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது கூடக்கூட அதுவும் கூடும். அதோடு காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளி பெற வேண்டும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி, அதிலும் வயதுக்கேற்ற ஏற்றம் உண்டு, நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பும் உண்டு. ஆய்வு உதவியாளர் சம்பளம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பேச்சு தொடங்கும்போதே பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

பட்டம் இன்னும் கையில் இல்லாததால் விண்ணப்பத்தில் முனைவர் பட்டத்தைக் காட்ட முடியாது. இளநிலைப் பட்டத்தைத்தான் காட்ட வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் குறிப்பிடும் கல்வித் தகுதிக்குச் சரிபார்ப்புச் சான்று வேண்டும் என்பது 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறை. ஊரில் படித்த கல்லூரியிலிருந்து பதில் வரத் தாமதமாகலாம், ஆகவே மே மாதமே தொடங்குங்கள். படிப்பு முடிந்தால் ஏழு நாளுக்குள் மாணவர் அனுமதிச் சீட்டை ரத்து செய்யக் கொடுக்க வேண்டும். வேலை அனுமதிக்கான கொள்கை அளவு ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் மாணவர் நிலையை முடித்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

கற்பித்தல் உதவிக்கான மணி நேரம் பாக்கி இருந்தால் அதையும் அடுத்த பருவத்துக்குள் முடியுங்கள். செய்முறை வகுப்புகள் ஏப்ரலில் முடிந்துவிடும், ஜூலையில் தேடினால் கிடைக்காது.

கென்ட்ரிட்ஜ்_காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. தேர்வாளர் பட்டியலை இந்த வாரமே தொடங்குகிறேன். வாய்மொழித் தேர்வில் எதைப் பிடித்துக் கேட்பார்கள்? எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பை அளப்பது), பி.இ.டி. (வாயு ஒட்டுதலால் மேற்பரப்பளவை அளப்பது) அளவீடுகள்தான் ஆய்வேட்டின் பாதி.

ஆய்வக_ஆந்தை எழுதியது:

தேர்வாளர்களின் அறிக்கைகள் வர ஆறு முதல் எட்டு வாரம் என்று எதிர்பார்ப்பார்கள். ஜூலை இறுதியில் போகும் ஆய்வேடு ஐரோப்பியப் பேராசிரியர்களின் கோடை விடுமுறையில் மாட்டும், எனவே அக்டோபர் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் வாய்மொழித் தேர்வு: 20 முதல் 30 நிமிட உரை, அதன்பின் கேள்விகள். அத்தியாய வரிசையில் ஒப்பிக்காமல், எந்தக் கேள்விக்கு விடை கண்டீர்கள், முன்பு தெரியாத எது இப்போது தெரிகிறது என்று சொல்லிவிட்டு அதற்கான ஆதாரத்தை மட்டும் காட்டுங்கள்.

கேள்விகள் பெரும்பாலும் படங்களின் மேல்தான் வரும். அளவீட்டின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் பிழைக்கோட்டைக் காட்டி, "இது மூன்று தனித்தனி மாதிரிகளா, ஒரே மாதிரியை மூன்று முறை அளந்ததா?" என்பார்கள். இரண்டாவதென்றால் அந்தக் கோடு கருவியின் துல்லியத்தைத்தான் சொல்கிறது, உங்கள் தயாரிப்பு முறை திரும்பவும் அதே விடையைத் தரும் என்பதை அல்ல. படத் தலைப்பிலேயே இதை எழுதிவிட்டால் கேள்வியே வராது.

எக்ஸ்ஆர்டியில் உச்ச அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டால் கணக்கிட்டிருந்தால், கருவியால் வரும் உச்ச அகலத்தைக் கழித்தீர்களா, எந்த நியமப் பொருளை வைத்துக் கழித்தீர்கள் என்பது நிச்சயம் வரும். படிகத்துக்குள் இருக்கும் திரிபும் உச்சத்தை அகலமாக்கும் என்பதால், கிடைத்த எண்ணைக் கீழ்வரம்பு என்றுதான் சொல்லலாம். 100 நானோமீட்டருக்கு மேல் இந்தச் சமன்பாட்டை நம்பவும் கூடாது. மின்னணு நுண்ணோக்கியில் 80 நானோமீட்டர் துகள் தெரிய, ஷெரர் 25 என்று சொன்னால் பதறாதீர்கள்: ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். இந்தப் பதில் ஆய்வேட்டிலும் எழுத்தாக இருக்கட்டும்.

பி.இ.டி.யில் வழக்கமான சார்பு அழுத்த வரம்பு 0.05 முதல் 0.30 வரை. நுண்துளைப் பொருளுக்கு அந்த வரம்பு பொருந்தாது, இன்னும் கீழே இறங்க வேண்டும். எந்தப் புள்ளிகளை எடுத்தீர்கள், பி.இ.டி. சமன்பாட்டின் சி மாறிலி நேர்ம எண்ணாக வந்ததா, அளக்கும் முன் மாதிரியை எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் வாயு நீக்கினீர்கள், இவை பின்னிணைப்பில் ஒரு அட்டவணையாக வேண்டும்.

முடிவு பெரும்பாலும் சிறு திருத்தங்களோடு தேர்ச்சிதான். அப்போது மூன்று நெடுவரிசை அட்டவணை போடுங்கள்: தேர்வாளர் சொன்னது, நீங்கள் செய்தது, பக்க எண். ஒரு கருத்தை ஏற்கவில்லை என்றால் காரணத்தை அங்கேயே எழுதலாம். மௌனமாகத் தாண்டிப் போனால்தான் திருப்பி அனுப்புவார்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் பொது உரைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சிங்கப்பூரில் கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு 12 மாதச் சலுகை உண்டு, ஐரோப்பாவில் அது கிடையாது. ஸ்காலர்பேங்க், டிஆர்-என்டியு போன்ற பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் இறுதிப் படியை ஏற்றும்போது பொதுப் பார்வையைத் தள்ளிவைக்கும்படியும் கேட்கலாம்.

சிராங்கூன்_தமிழ் கேட்டது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். சிங்கப்பூர்த் தமிழ் இதழியல் வரலாற்றில் முனைவர் ஆய்வு தொடங்க எண்ணம். குடியுரிமை உண்டு. கலைத் துறைக்கு நிதி எங்கே கிடைக்கும்?

பூன்லே_பொறியாளர் எழுதியது:

குடிமக்களுக்குப் பல்கலைக்கழக ஆய்வு உபகாரச் சம்பளத்தில் மாதத்தொகை வெளிநாட்டு மாணவரைவிடக் கூடுதல், முதலில் அதற்கே விண்ணப்பியுங்கள். தகுதித் தேர்வில் தேறியதும் தொகை கூடும் திட்டங்களில் அந்தத் தேர்வை ஒரு பருவம் தள்ளினாலே நல்ல தொகை கைநழுவும். சிங்கா விருது உங்களுக்கு ஆகாது, அது அறிவியல், பொறியியல் பக்கம் வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு.

தேசிய மரபுடைமைக் கழகத்தின் மரபுடைமை ஆய்வு மானியம் தனி மாணவருக்கான படிப்புச் செலவு அல்ல, நிறுவனம் வழியாகத் திட்டத்துக்குத் தரப்படுவது. நெறியாளர் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பித்தால் அதில் உங்கள் களப்பணி செலவு சேரலாம். தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் ஆய்வுநர் திட்டம் நூலகத் தொகுப்புகளை வைத்துச் செய்யும் குறுகிய கால ஆய்வுக்கு. முழுநேர மாணவராகச் சேர்வதற்கு முன் எடுத்தால் பொருந்தும், உபகாரச் சம்பளத்தோடு சேர்த்து வாங்க எண்ணாதீர்கள்.

முன்மொழிவில் மூலங்கள் எங்கே இருக்கின்றன, எந்த ஆண்டு இதழ்கள் கைக்கு எட்டும் என்று துல்லியமாக எழுதுங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன, ஆனால் தமிழ் எழுத்துணரித் (ஓ.சி.ஆர்.) தேடலை நம்பி "இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். முன்னாள் ஆசிரியர்களை நேர்காணப் போகிறீர்கள் என்றால் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் முதல் நேர்காணலுக்கு முன்பே வேண்டும். பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள், ஒப்புதலுக்கு முன் பதிவுசெய்ததை ஆய்வேட்டில் பயன்படுத்தவும் விடமாட்டார்கள். நேர்காணல் தருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தையும் கேள்வித் தாளையும் தமிழிலேயே தயாரித்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.