மறு: என்தீசிஸ் – குதையா, பற்றிடமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய்) நோயாளிகளுக்கான 8 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது, தசைநாணும் பிணைநாரும் எலும்பில் பதியும் இடமான என்தீசிஸுக்குத் தமிழ்ச்சொல் மட்டும் நிற்கிறது.

> வில்லின் நுனியில் நாணை மாட்டும் இடம் குதை. தசைநாண் என்று சொல்லிவிட்டு, அது மாட்டும் இடத்துக்கு வேறு சொல் தேடுவானேன்?

ஐயா, இதைப் படித்ததும் மனம் துள்ளியது. நாணின் இழுவை முழுக்க வந்து விழுவது அங்கேதானே. ஆனால் கையேட்டில் வைத்துப் பார்த்தேன். இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி) வருவதுண்டு. அது மலக்குடலில்தான் தொடங்கும். ஆக ஐந்தாம் பக்கத்தில் குதை அழற்சி, ஆறாம் பக்கத்தில் குத அழற்சி. ஓர் ஐகாரம் தவறினால் படிப்பவர் பயந்துபோவார். இன்னொன்று, பிணைநாரும் மூட்டுறையும்கூட எலும்பில் இப்படித்தான் பதிகின்றன. அவை நாண் இல்லையே.

> கிரேக்க மூலமே 'உள்ளே வைத்தல்'தான். செருகல் போதும்.

உடற்கூற்றியல் வகுப்பில் செருகலைத் தசையின் அசையும் முனைக்குக் கொடுத்தாயிற்று. என்தீசிஸ் இரு முனையிலும் உண்டு. அதோடு, செருகல் என்றால் குத்தி வைத்த மாதிரி இருக்கிறது. குதிநாணைப் பாருங்கள்: முதலில் நாண், அப்புறம் நார்க்குருத்தெலும்பு, அடுத்துச் சுண்ணமேறிய நார்க்குருத்தெலும்பு, கடைசியில் எலும்பு. 4 அடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுகிறது. அதனால்தான் நாம் ஓடும்போதும் தாவும்போதும் பிய்த்துக்கொண்டு வராமல் தாங்குகிறது.

அக்கா சொன்ன 'பிடிப்பு' எல்லாருக்கும் புரியும், ஆனால் தவறாகப் புரியும். இடுப்புப் பிடிப்போடு வருகிறவர்கள் கையில்தான் இந்தக் கையேடு போகப்போகிறது.

'எலும்புப்பற்று' எனக்குப் பிடித்திருந்தது. நேற்று என் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது, குதிகால் சுரீரென்று வலித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். "எலும்புக்குப் பற்றுப் போடச் சொல்றாங்களா?" என்றார். 'பற்றிடம்' என்று மாற்றி, 'நாணும் நாரும் எலும்பைப் பற்றும் இடம்' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி படித்தேன். குனிந்து, குதிகாலின் பின்பக்கம் நாண் வந்து சேரும் மேட்டில் சரியாக விரலை வைத்தார்.

இதுவரை நான்கு பேர் பற்றிடத்துக்குச் சரி சொல்லியிருக்கிறீர்கள், அதில் இருவர் அரைமனதாக. 'இடம்' என்றால் வெறும் புள்ளியாகிவிடுகிறது, அடுக்கடுக்கான ஒரு திசுவுக்கு அது போதாது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கையேட்டில் பற்றிடமே போகட்டும். அகராதிக்காகக் குதை பற்றிய பேச்சைத் தொடருங்கள், ஐயா.

பற்றிடவழற்சி என்று சேர்த்து எழுதுவதா, பற்றிட அழற்சி என்று பிரிப்பதா? நாளை மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.